காடிப்புக்குப் போன முஹைதீன்

கீழக்கரையில் நடுத்தெருவில் இருந்த ஒரு வீடும் வடக்குத்தெருவில் இருந்த ஒரு வீடும் சாலிஹா பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பேச்சை நிறுத்தியிருந்தன. இரண்டும் ஒரு தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பியின் வழியில் வந்தவை. அண்ணன் பெயர் காசிம், தம்பி முஹைதீன். இருவரும் வெள்ளைக்காரக் கம்பெனியின் நீராவிக் கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்து, 1896இல் கொழும்பிலிருந்து புறப்பட்டார்கள். மறு வருஷம் காசிம் மட்டும் திரும்பி வந்தார். காடிப்பு என்ற ஊருக்குப் போகும் வழியில் தம்பி காய்ச்சல் கண்டு இறந்துவிட்டதாகவும், மய்யித்தைக் கடலில் இறக்கிவிட்டதாகவும் சொன்னார்.

சொன்னது அவர் ஒருவர்தான். முஹைதீனின் மனைவி ஆமினாவின் அண்ணன்மார் அதை நம்பவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதற்காகத் தம்பியைக் கடலில் தள்ளிவிட்டான் என்றார்கள். காசிம் தோப்பு முழுவதையும் ஆமினாவுக்கே விட்டுக் கொடுத்தார். பாவம் செய்தவன் பயந்து கொடுக்கிறான் என்று அதற்கும் பேச்சு வந்தது. ஆமினா, கணவனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவை இருந்து முடித்தார். வயதும் சிறிது, நல்ல இடங்களிலிருந்து கேட்டு வந்தார்கள். அவர் யாரையும் நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகளை வளர்த்தார்.

அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆமினாவிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்தி ரம்ஜான் பீவிக்கும் நடுத்தெரு வீடு வந்தது. வீட்டோடு இந்தக் கதையும் வந்தது. ரம்ஜான் பீவியின் மூத்த மகள் சாலிஹா.

1974இல் சாலிஹாவுக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தாள். அந்த வருஷம் வடக்குத்தெருவிலிருந்து காசிமின் பேரன் சீனி முகம்மது, யாரையும் தூது விடாமல் தானே நடந்து வந்து நடுத்தெரு வீட்டு வாசலில் நின்றார். தன் மகன் ஜெய்னுலாபுதீனுக்குச் சாலிஹாவைக் கேட்டார். ஜெய்னுலாபுதீன் மதுரையில் பி.காம். முடித்து வந்திருந்தான். பள்ளியில் சாலிஹாவுக்கு மேல் வகுப்பில் படித்தவன். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ரம்ஜான் பீவி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார்.

“எங்க உம்மா தகப்பன் இல்லாத யத்தீமா வளந்துச்சு. அது யாரால? அந்த வீட்டுக்கு எம்புள்ளயக் குடுக்கவா? கொலகார வீட்டுச் சோறு எங்களுக்கு வேணாம். போங்க.”

சீனி முகம்மது சற்று நேரம் நின்றார். வாயைத் திறந்தவர் ஏதோ சொல்லப் போவதுபோல் இருந்தது. பிறகு தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, “சரி, வாறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உள்ளறையில் இருந்த சாலிஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குப் பெரியபட்டினத்து மாப்பிள்ளையோடு நிக்காஹ் ஆனது. சவூதியில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். மாப்பிள்ளை இல்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சாலிஹா ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தாள். வீட்டில் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை கடிதத்தில் சரி என்று எழுதிவிட்டதால் அடங்கினார்கள். உள்ளூர் தொடக்கப்பள்ளியிலேயே வேலை கிடைத்தது. இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். ஊரில் அவள் சாலிஹா டீச்சர் ஆனாள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் அந்த வேலை ஆசிரியர்கள் தலையில்தான் விழும். முதல்முறை, 1981இல், சாலிஹாவுக்குக் கொடுத்தது மீனவர் குடியிருப்பு. பத்து வருஷம் கழித்து இரண்டாம் முறை வந்தபோது வடக்குத்தெரு கிடைத்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

அவள் வீட்டுப் பெண்கள் யாரும் மிதித்திராத அந்த வாசலில், கையில் அட்டையும் தோளில் பையுமாக ஏறி நின்றாள். சீனி முகம்மது இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஜெய்னுலாபுதீன்தான் இப்போது குடும்பத் தலைவர். ராமநாதபுரத்தில் இரும்புக்கடை வைத்திருந்தார். தலை முன்பக்கம் வழுக்கையாகியிருந்தது. அவருடைய மனைவி ஹமீதா பானு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“குடும்பத் தலைவர் பேரு?”

“ஜெய்னுலாபுதீன்.”

“வயசு?”

“முப்பத்தி ஒம்பது.”

படிப்பு, தொழில், தாய்மொழி என்று கேட்டு முடித்தாள். அவரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கிளம்பும்போது ஹமீதா பானு, “தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க டீச்சர்” என்றார். சாலிஹா குடித்துவிட்டுப் போனாள். வீட்டில் உம்மாவிடம் அன்று எந்தத் தெருவுக்குப் போனேன் என்று சொல்லவில்லை.

அந்தக் கணக்கெடுப்புக்கான பயிற்சி வகுப்பில் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்திலும் இதேபோல வீடு வீடாக எழுதினார்களே, அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? ஆமினா, முஹைதீன் பெயரெல்லாம் அதில் இருக்குமே என்பது அவள் எண்ணம். வகுப்பெடுத்த தாசில்தார் சிரித்தார். “கூட்டிக் கழிச்சு மொத்தக் கணக்கு எடுத்ததும் தாளை அழிச்சிருவாங்கம்மா. எத்தன பேருன்னு இருக்கும். யாருன்னு இருக்காது.”

அத்தோடு அவள் அதை விட்டுவிட்டாள். 2001இல் மூன்றாம் முறையும் கணக்கெடுத்தாள். மகள்களுக்குக் கல்யாணம் ஆனது. கணவர் சவூதியை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, சர்க்கரை வியாதியோடும் மாலைநேர நடையோடும் ஓய்வாக இருந்தார்.

2009 ஜனவரியில் ஒரு நாள், பள்ளி இடைவேளையில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்தபோது, உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் 1911ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புத் தாள்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் வீட்டுக்காரர்களே தம் கையால் நிரப்பிக் கொடுத்த தாள்கள், அப்படியே படமாகப் பார்க்கலாம். அங்கே அவர்கள் தாளை அழிக்கவில்லை என்பதுதான் சாலிஹாவுக்கு முதலில் மனதில் தைத்தது.

காடிப்பு என்று வீட்டில் சொல்லும் ஊர் கார்டிஃப் என்பதை அவள் முன்னமே வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தாள். வேல்ஸ் நாட்டுத் துறைமுகம், அந்தக் காலத்தில் கரி ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர். அந்த வருஷத்தில் முஹைதீன் உயிரோடு இருந்திருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. கார்டிஃப் என்ற பெயரை அந்தத் தாள்களில் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. ராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினாள். வேல்ஸ் பகுதித் தாள்கள் இன்னும் ஏற்றப்படவில்லை, சில மாதங்களில் வரும் என்று திரையில் இருந்தது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை மறுபடி போனாள். இப்போது வேல்ஸ் வந்திருந்தது. இருக்காது என்று நினைத்தும் கை சும்மா இருக்காமல், முஹைதீன் என்று ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்று கணக்கெடுப்பு எடுத்தவளுக்கு ஒன்று தெரியும். எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் தாளில் ஏறும். பெயரை விட்டுவிட்டு, பிறந்த ஊரை வைத்துத் தேடினாள். கீழக்கரையை ஒரு வெள்ளைக்காரர் எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்து ஒவ்வொன்றாக மாற்றினாள். ‘கில்லாகரி, மெட்ராஸ்’ என்று ஒருவர் இருந்தார். பெயர் மைதீன். வயது முப்பத்தெட்டு. ஊர் கார்டிஃப்.

பெயரும் வயதும்தான் இலவசம். தாளைப் பார்க்கக் கார்டில் பணம் கட்ட வேண்டும். துபாயில் இருந்த தம்பி இபுறாகீமுக்கு அங்கிருந்தே போன் செய்து விவரம் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

“லாத்தா, பாத்துட்டேன். மெயில்ல அனுப்பிருக்கேன். ஆனா நீங்க அத யாருக்கும் காட்டாதீங்க.”

“ஏம்ப்பா?”

“பாருங்க, தெரியும்.”

சாலிஹா அந்தத் தாளை அச்செடுத்து வாங்கினாள். சாய்ந்த எழுத்தில், மையில் எழுதிய தாள். குடும்பத் தலைவர் மைதீன், மாலுமிகள் தங்கும் விடுதி நடத்துகிறவர். மனைவி மேரி ஆன், அவ்வூரிலேயே பிறந்தவள். திருமணமாகிப் பதினோரு வருஷம். மூத்த மகன் பெயர் காசிம். அடுத்தது மகள் லில்லியன். கடைசி மகன் சையத். எழுத்து மனைவியுடையதாக இருக்க வேண்டும். ஏனென்றால் அடியில் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடும் இடத்தில் எழுத்து வேறாக இருந்தது. அது ஆங்கிலமே இல்லை. கீழக்கரையில் பழைய ஆட்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்களே, அந்த எழுத்து. குர்ஆன் ஓதக் கற்றவள் ஆதலால் சாலிஹாவுக்கு அதை வாசிக்கத் தெரிந்தது. ‘செய்யது அகமது மகன் முஹைதீன், கீழக்கரை.’

செய்யது அகமது என்பது காசிம், முஹைதீன் இருவருக்கும் தகப்பன் பெயர். இரண்டு வீட்டிலும் தெரிந்த பெயர்.

கொலை நடக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. கப்பலை விட்டு இறங்கி அங்கேயே தங்கிவிட்டார், வேறொரு குடும்பமும் ஆகிவிட்டது. தன் மகனுக்கு அண்ணன் பெயரை வைத்திருக்கிறார். அந்த அண்ணனைத்தான் இங்கே நான்கு தலைமுறையாகக் கொலைகாரன் என்று சொல்லிவந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சாலிஹாவுக்கு அழுகை வரவில்லை. ஏமாற்றப்பட்டது யார், ஏமாற்றியது யார் என்று வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரிசை சரியாக வரவில்லை.

அன்று மாலை இபுறாகீம் மறுபடி பேசினான்.

“இவ்வளவு நாளும் அந்த வீட்டக் கொலகார வீடுன்னோம். இப்பப் போயி, எங்க பாட்டனாரு பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு ஓடிப்போனவருன்னு நாமளே சொல்லணுமா? ஊருல நம்ம தல என்னாகும்? எல்லாரும் போயிச் சேந்துட்டாங்க லாத்தா. விடுங்க.”

“உம்மா இருக்காகளே.”

“உம்மாகிட்டயா சொல்லப் போறீங்க? எண்பது வயசுல?”

“அவுகளுக்குத்தான் மொதல்ல தெரியணும்” என்றாள் சாலிஹா.

இபுறாகீம் கோபத்தோடு போனை வைத்தான். அதன் பிறகு சில மாதங்கள் அவன் கூப்பிடவில்லை.

ரம்ஜான் பீவி அஸர் தொழுகை முடித்து உட்கார்ந்திருந்தபோது சாலிஹா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாளில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். உம்மா குறுக்கே பேசவில்லை. அரபு எழுத்துக் கையெழுத்தைக் காட்டியபோது கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அப்ப எங்க உம்மா யத்தீம் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்ல உம்மா.”

“பெருநாளைக்கு ஊருல யத்தீம் புள்ளயளுக்குன்னு துணி குடுப்பாக. எங்க உம்மா சின்னதுல அதத்தான் உடுத்துச்சாம். சொல்லிச் சொல்லி அழுவும். அவரு அங்கன புள்ள குட்டியோட இருந்திருக்காரு.”

சாலிஹா தாளை மடித்து வைத்தாள்.

“வடக்குத்தெருக்காரகளுக்குச் சொல்லணும்” என்றார் உம்மா, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. “நீ போயிச் சொல்லு. என்னயக் கூப்புடாத. நான் வரமாட்டேன்.”

மறுநாள் மாலை சாலிஹா வடக்குத்தெருவுக்குப் போனாள். ஜெய்னுலாபுதீன் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஹமீதா பானு அதே முன்னறையில் நாற்காலி போட்டார். சாலிஹா தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் சொல்லி முடித்தாள்.

ஜெய்னுலாபுதீன் தாளை நெடுநேரம் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“பையனுக்குக் காசிம்னா பேரு வச்சாரு?” என்றார். “அது எங்களுக்குத் தெரியாது.”

சாலிஹா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப மத்தது?”

“மத்தது தெரியும். பாட்டனாரு காசிம் மவுத்தாகுறப்ப எங்க வாப்பாகிட்டச் சொல்லிருக்காரு. காடிப்புல கப்பலு நின்னப்ப தம்பி எறங்கிப் போயிட்டாரு. கப்பல் வேலய விட்டு ஓடுனா அப்பல்லாம் பிடிச்சு உள்ள வைப்பாங்களாம். அண்ணன்காரரு தேடிப் போயிக் கூப்புட்ருக்காரு. வரமாட்டேன்னுட்டாரு. ‘நான் மவுத்தாயிட்டேன்னு ஊருல சொல்லிரு. ஆமினா இத்தா இருந்துட்டு வேற நிக்காஹ் பண்ணிக்கிடட்டும்’னு கையப் பிடிச்சு வாக்கு வாங்கிட்டாரு.”

“தலாக்குச் சொல்லி எழுதிருக்கலாமே?”

“தலாக்குன்னா ஊரு என்ன தப்புன்னு பொம்பளயத்தான் கேக்கும். மவுத்துன்னா அழுதுட்டு விட்ருவாங்கன்னு நெனச்சிருக்காரு. அவுக நிக்காஹ் பண்ணிக்கிடாம இருப்பாகன்னு அவரு நெனைக்கல.”

ஹமீதா பானு தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு, போகாமல் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இது அவருக்கும் தெரிந்த கதை என்று சாலிஹாவுக்கு அப்போது புரிந்தது.

“கணக்கெடுக்க நான் வந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதுக்கு அஞ்சாறு வருஷம் முன்னாடித்தான் வாப்பா போகுறப்ப சொன்னாக.”

“ஏன் சொல்லல?”

“கொலகாரன் வீட்டுக்காரன் சொல்ற பேச்ச உங்க உம்மா நம்பிருப்பாகளா? கையில என்ன ஆதாரம் இருந்துச்சு? வாக்குன்னும் ஒண்ணு இருக்குல்ல.”

அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். “எழுவத்தி நாலுல வாப்பா உங்க வாசலுக்கு வந்தப்ப அவுகளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் சொல்லிருப்பேன்.”

தெருவில் ஒரு மீன்காரர் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார். சாலிஹா தேநீரை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை கூடுதலாக இருந்தது.

“உங்க வீட்டு ஆம்பளைக எல்லாரும் வாக்கக் காப்பாத்திட்டீங்க” என்றாள். “ஆமினாகிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. உண்ம தெரிஞ்சிருந்தா அவுக என்ன பண்ணிருப்பாகன்னு அவுகதான சொல்லணும்.”

ஹமீதா பானு, “நானும் இவுககிட்ட அதத்தான் சொல்லுவேன்” என்றார்.

கிளம்பும்போது ஜெய்னுலாபுதீன் அந்தத் தாளில் ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டார். சாலிஹா அதையே கொடுத்துவிட்டு வந்தாள். மெயிலில்தான் இருக்கிறதே.

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம் பிடித்தது. சிலர் சாலிஹாவிடம் நேராகவே கேட்டார்கள், அவள் மறைக்காமல் சொன்னாள். ஓடிப்போனவர் வீடு என்று யாரோ பேசியதாக ஒரு நாள் காதில் விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. எல்லோருக்கும் அவரவர் வீட்டில் கொழும்பிலோ பர்மாவிலோ தங்கிவிட்ட ஒருவர் இருந்தார்.

அந்த நோன்புப் பெருநாளுக்கு வடக்குத்தெருவிலிருந்து ஒரு தாம்பாளத்தில் வட்டலப்பமும் பணியாரமும் வந்தன. ஹமீதா பானுவே கொண்டு வந்தார். ரம்ஜான் பீவி கதவுத் திரைக்கு இந்தப்பக்கம் வந்து, தாம்பாளத்தைத் தம் கையால் வாங்கிக்கொண்டார். சீனி முகம்மதைப் பற்றியோ தான் அன்று சொன்னதைப் பற்றியோ அவர் எதுவும் பேசவில்லை. “உக்காருங்க” என்றார். ஹமீதா பானு உட்கார்ந்தார். இருவரும் முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பரில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இபுறாகீம் ஊருக்கு வந்தான். தொழுகை முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் முற்றத்தில் ஜெய்னுலாபுதீனைப் பார்த்துக் கைகொடுத்தான் என்று அவனே வந்து சாலிஹாவிடம் சொன்னான். தாளைப் பற்றி அவர்கள் பேசினார்களா என்று அவள் கேட்கவில்லை.

கார்டிஃபில் அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று சாலிஹா தேடிப் பார்த்தாள். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கூடும் ஒரு இணையதளத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் போட்டாள். வருஷக் கடைசி வரை பதில் வரவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 1921இல் நடந்தது. நூறு வருஷம் ஆகாமல் தாளை வெளியே விடமாட்டார்கள். அதற்கடுத்து 1931இல் எழுதிய தாள்கள் தீயில் எரிந்துபோயின என்றும் படித்தாள்.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னபோது, உம்மா அந்தப் பிள்ளைகள் பெயரை மறுபடி ஒருமுறை கேட்டார். சாலிஹா சொன்னாள். அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பின் துஆ கேட்கும்போது ரம்ஜான் பீவி தன் தாயின் பெயரோடு அந்த மூன்று பெயரையும் சேர்த்துக்கொண்டார். லில்லியன் என்பது நாக்கில் வரவில்லை, ‘லைலா’ என்று சொல்லிக்கொண்டார். தாளில் இன்னொரு கட்டத்தில், பிறந்தது நான்கு, இறந்தது ஒன்று என்று எழுதியிருந்ததையும் சாலிஹா சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் எழுதவில்லை. அதற்கும் உம்மா கையேந்தினார்.